ரோமானிய நாடக அரங்கின் சிற்பங்களைச் செதுக்கியது யார்? உளித்தடம் சொல்லும் கதை

1/
அரசு ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிற எந்த டாக்டருக்கும் தெரிந்த விஷயம் இது: காயம் பேசும். ஓரம் நேராக, சுத்தமாக வெட்டுப்பட்டிருந்தால் கூர்மையான ஆயுதம். ஓரம் கிழிந்து, சுற்றி கன்றிப்போயிருந்தால் மொட்டையான ஆயுதம். ஆயுதத்தை நாம கண்ணால பார்த்திருக்க மாட்டோம். ஆனாலும் காயச் சான்றிதழில் எழுதுவோம்.

கல்லையும் இப்படிப் படிக்கலாம். 1800 வருஷத்துக்கு முன்னாடி ரோமானிய நாடக அரங்குகளின் சுவரில் கதை கதையாகச் செதுக்கியவர்கள் பற்றி நமக்குக் கிடைத்திருக்கும் பெரிய சாட்சி, அவங்க உளி விட்டுட்டுப் போன தடம்தான். கொஞ்சம் நீளமான த்ரெட். டீ போட்டுட்டு வந்து படிங்க.

2/
முதலில் இடம். துருக்கியின் தென்மேற்கில் பமுக்கலே. வெந்நீர் ஊற்றில் வரும் சுண்ணாம்பு படிந்து படிந்து வெள்ளைப் படிக்கட்டு மாதிரி ஆகிப்போன மலைச்சரிவு, போட்டோவில் நிறைய பேர் பார்த்திருப்பீங்க. அந்த மலைக்கு மேலே இருந்த ஊர் ஹியராபோலிஸ். அங்கே மலைச்சரிவையே உட்காரும் படிகளாக்கிக் கட்டிய பெரிய நாடக அரங்கு இன்னும் நிற்கிறது.

ரோமானிய அரங்கில் மேடைக்குப் பின்னால் வெறும் திரை கிடையாது. மாடி மாடியாகத் தூண்கள், மாடங்கள், சிலைகள், வாசல்கள் வைத்த உயரமான கல்சுவர். நடிகர்கள் அதன் வாசல்கள் வழியாகத்தான் மேடைக்கு வருவாங்க. ஹியராபோலிஸில் இந்த மேடைச்சுவரைப் பளிங்கில் எழுப்பியது செப்டிமியஸ் செவெரஸ் பேரரசராக இருந்த காலத்தில், அதாவது கி.பி. 3ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில்.

3/
அந்தச் சுவரின் அடிப்பகுதியில் புடைப்புச் சிற்பங்கள். ஒரு பக்கம் ஆர்ட்டெமிஸ் தேவியின் கதை, இன்னொரு பக்கம் அவளோட தம்பி அப்பல்லோவின் கதை. ரெண்டு பேரும் இரட்டைப் பிள்ளைகள். அப்பல்லோதான் அந்த ஊரின் முக்கிய தெய்வம்.

ஒவ்வொரு ஊருக்கும் ஒரு தேர்வு இருந்தது. கொஞ்ச தூரத்தில் உள்ள பெர்கே அரங்கில் டயோனிசஸ் கதை. நாடகத்துக்கே அவர்தான் கடவுள். தாயின் வயிற்றில் இருந்த கருவை எடுத்து ஜீயஸ் தன் தொடைக்குள் தைத்து வைத்து, அங்கிருந்து பிறந்தவர் என்று புராணம். (மகப்பேறு டிபார்ட்மெண்ட் நண்பர்கள் மன்னிக்கவும்.) கிரீஸின் கொரிந்த் அரங்கில் ராட்சதர்களோடு நடக்கும் போர், அமேசான் பெண்களோடு போர், ஹெராக்ளிஸின் சாகசங்கள். லிபியாவின் சப்ராத்தா அரங்கில் மேடையின் முன்பக்கத்திலேயே நாடகக் காட்சிகளும், ரோமும் சப்ராத்தாவும் இரண்டு பெண்களாகக் கைகோத்து நிற்கிற காட்சியும்.

4/
சரி, இதையெல்லாம் எப்படிச் செஞ்சாங்க?

அந்தக் காலத்துச் சிற்பி யாரும் "இப்படித்தான் செதுக்கணும்" என்று எழுதிவைத்த கையேடு எதுவும் நம் கையில் இல்லை. அதனால் ஆராய்ச்சியாளர்கள் கல்லையே கேட்டாங்க. இதில் முக்கியமான ஒருவர் பீட்டர் ராக்வெல். அமெரிக்காவில் பிறந்து ரோம் நகரில் வாழ்ந்த சிற்பி. புகழ்பெற்ற ஓவியர் நார்மன் ராக்வெல்லின் மகன். 2020இல் இறந்தார்.

அவர் உளி பிடித்த கை. அதனால் பழைய சிற்பத்தைப் பார்க்கும்போது "இது அழகா?" என்பதோடு நிற்காமல், "இந்த அடியை எந்த உளியால், எந்தக் கோணத்தில் அடிச்சிருப்பான்?" என்று கேட்டார். அவர் எடுத்த ஆயிரக்கணக்கான படங்களையும் குறிப்புகளையும் லண்டன் கிங்ஸ் காலேஜ் இன்டர்நெட்டில் எல்லாருக்கும் திறந்து வைத்திருக்கிறது.

5/
வேலை கல்குவாரியில் ஆரம்பிக்கும். தேவையான அளவுக்குக் கொஞ்சம் பெரிசாகவே வெட்டி எடுப்பாங்க. வழியில் ஓரம் உடைந்தாலும் உள்ளே இருக்கும் சிற்பத்துக்குச் சேதம் வராது.

பலகைகளாக அறுக்க ரம்பம். பளிங்கை அறுக்கும் ரம்பத்துக்குப் பல் வேண்டாம். இரும்புத் தகடு, அடியில் மணல், மேலே தண்ணீர். இரும்பு அறுப்பது மாதிரித் தெரியும், உண்மையில் அறுப்பது மணல் என்று 1ஆம் நூற்றாண்டிலேயே பிளினி எழுதிவிட்டார்.

இதிலும் ஹியராபோலிஸுக்குப் பெருமை உண்டு. அந்த ஊரில் கிடைத்த அம்மியானோஸ் என்பவரின் கல்சவப்பெட்டியில் ஒரு மெஷின் செதுக்கப்பட்டிருக்கு: தண்ணீரில் சுற்றும் சக்கரம், அதிலிருந்து முன்னும் பின்னும் போய்வரும் இரண்டு ரம்பங்கள். 3ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி. சுழற்சியை முன்பின் அசைவாக மாற்றும் இயந்திரத்துக்கு நமக்குக் கிடைத்த மிகப் பழைய படங்களில் ஒன்று இது.

6/
பலகை தயார். இப்போ அதன் முகத்தில் உருவத்தின் கோட்டை வரைவாங்க. பிறகு உருவத்தைச் சுற்றியிருக்கும் கல்லைக் குடைந்து எடுப்பாங்க. உருவம் அப்படியே நிற்கும், பின்னணி உள்ளே போகும்.

இதனால் ஒரு விஷயம் நடக்கும். உருவத்தில் எது அதிகம் வெளியே நீட்டியிருக்கோ, அதற்குக் குவாரியிலிருந்து வந்த பலகையின் பழைய முகம்தான் எல்லை. முழங்கால், தோள், நெற்றி எல்லாம் ஒரே கண்ணாடியில் முட்டிக்கிட்டு நிற்கிற மாதிரி இருக்கும். ஒரு நேர்கோலை வைத்தால் எல்லாவற்றையும் தொடும்.

தலைகளும் அப்படித்தான். பலகையின் மேல் ஓரத்தைத் தாண்ட முடியாது. அதனால் உட்கார்ந்திருக்கும் தெய்வத்தின் தலையும் பக்கத்தில் நிற்கும் மனிதனின் தலையும் பல சிற்பங்களில் ஒரே உயரத்தில் வரும். தெய்வம் எழுந்தால் கூரையை இடிப்பார். ஆனால் பார்க்கும்போது நமக்கு அது உறுத்தவே உறுத்தாது.

7/
இப்போ உளிகள். ஒவ்வொன்றுக்கும் தனித் தடம்.

கூர்முனை உளி: முதல் ஆள். பெரிய கல்லை வேகமாகக் கழிக்க. ஆழமான, இடைவெளி விட்ட கோடுகள் விழும்.

பல் உளி: முனையில் சீப்பு மாதிரிப் பற்கள். மேடு பள்ளத்தைச் சமன் செய்து உடம்பின் வடிவத்தைக் கொண்டுவர. ஒரே அடியில் நாலைந்து இணைகோடுகள்.

தட்டை உளி, வட்டமுனை உளி: தோல், துணி மடிப்பு, முகம்.

அரம்: உளித்தடத்தை அழிக்க. மெல்லிய கீறல்கள் விழும்.

கடைசியாகத் தேய்ப்பு.

இதில் கவனிக்கணும்: ஒவ்வொரு கருவியும் தனக்கு முன்னாடி வந்த கருவியின் தடத்தை அழிச்சிடும். முழுசாக முடித்த சிற்பத்தில் சாட்சியே இருக்காது! அதனால்தான் முடிக்காமல் விட்ட இடங்கள் ஆராய்ச்சியாளர்களுக்குத் தங்கச் சுரங்கம். முகத்தில் அரத்தின் தடம், முழங்கைக்குப் பின்னால் பல் உளி, பின்னணியின் மூலையில் கூர்முனை உளி என்று ஒரே பலகையில் வேலையின் எல்லாக் கட்டமும் கிடைக்கும்.

8/
டிரில் தனிக் கதை. நம்ம தச்சர்களிடம் முன்பு இருந்த கயிறு சுற்றி இழுக்கும் துளைக்கருவி மாதிரிதான். ஒருவர் கருவியைக் கல்லில் அழுத்திப் பிடிப்பார். இன்னொருவர் அதில் சுற்றிய வாரை இடமும் வலமுமாக இழுப்பார். சுருள் முடி, தாடி, துணியின் ஆழமான மடிப்பு இதெல்லாம் டிரில் வேலை. வரிசையாகத் துளைகள் போட்டு, நடுவில் மிஞ்சும் தடுப்பை உளியால் தட்டிவிட்டால் ஒரு வாய்க்கால் கிடைக்கும். அவசரத்தில் தட்டாமல் விட்ட தடுப்புகள் இன்றும் முடிக்கு நடுவில் பாலம் மாதிரி நிற்கும்.

இந்த வேலையைக் காட்டும் படமும் இருக்கு. யூட்ரோபோஸ் என்ற சிற்பியின் கல்லறைப் பலகை, இப்போது இத்தாலியின் உர்பினோவில். சிங்கத்தலை வைத்த சவப்பெட்டியில் அவர் டிரிலைப் பிடித்திருக்கிறார், உதவியாள் வாரை இழுக்கிறான். அந்தப் பலகையை அவருக்காகச் செய்துவைத்தது மகன். அப்பாவை எப்படி நினைவில் வைக்கணும் என்று யோசிச்ச பிள்ளை, வேலை செய்யும் கோலத்தில் வைத்தான்.

9/
தேய்ப்புக்கு நக்சோஸ் தீவிலிருந்து வந்த எமரி என்கிற கரிய கல்தூள் பேர் போனது. அதற்குள் இருந்து தேய்க்கும் கடினமான தாது குருந்தம். உலகம் முழுக்க இன்று கொரண்டம் என்று சொல்கிறார்களே, அந்தப் பெயர் போனதே நம்ம "குருந்தம்" என்ற சொல்லிலிருந்துதான்.

தேய்த்த பிறகு வண்ணம். நாம மியூசியத்தில் பார்க்கும் வெள்ளைப் பளிங்கு, காலம் கழுவி விட்ட மிச்சம். அன்றைக்கு முடிக்கும் உதட்டுக்கும் துணிக்கும் பின்னணிக்கும் நிறம் இருந்தது. சிற்பி பாதியில் விட்ட விவரத்தை ஓவியர் தூரிகையில் முடிப்பார்.

10/
அடுத்து, தரையில் வைத்துச் செதுக்கி மேலே ஏற்றினாங்களா, சுவரில் பொருத்திய பிறகு செதுக்கினாங்களா?

இரண்டும் உண்டு. கண்டுபிடிக்க இணைப்பைப் பாருங்க. ஒவ்வொரு உருவமும் தன் பலகைக்குள்ளேயே அடங்கியிருந்தால் தரையில் செதுக்கியிருக்க வாய்ப்பு அதிகம். ஒரு குதிரையின் முன்கால் அடுத்த கல்லில் கொஞ்சமும் பிசகாமல் தொடர்ந்தால், இரண்டு கல்லையும் சேர்த்து வைத்த பிறகுதான் கடைசி வேலை நடந்திருக்கும்.

நீட்டிய கை, தூக்கிய கால் இதெல்லாம் உடையக்கூடியவை. அதனால் கைக்கும் உடம்புக்கும் நடுவில் ஒரு சின்னக் கல்துண்டை எடுக்காமலே விடுவாங்க. எலும்பு முறிவுக்கு நாம வைக்கும் ஸ்ப்ளின்ட் மாதிரி. கை உடைந்து போன சிற்பங்களில்கூட இந்தத் தாங்கலின் அடிக்கட்டை நிற்கும். போன கை எங்கே இருந்தது என்று அதுதான் காட்டும்.

கற்களை இணைக்க இரும்புப் பட்டை, அதைச் சுற்றிக் காய்ச்சி ஊற்றிய ஈயம். பிற்காலத்தில் இரும்புக்கும் ஈயத்துக்கும் ஆசைப்பட்டு நோண்டி எடுத்த குழிகளைத்தான் இந்த இடிபாடுகளில் குண்டு துளைத்த மாதிரி பார்க்கிறோம்.

11/
இந்த த்ரெட்டில் ஒரே ஒரு விஷயம் நினைவில் வைக்கணும்னா இதை வைங்க.

அரங்குச் சிற்பி எதை நன்றாகச் செய்யணும் என்று தெரிந்தவர் மட்டுமில்லை. எதைச் செய்யத் தேவையில்லை என்றும் தெரிந்தவர்.

பார்வையாளர் உட்கார்ந்திருப்பது தூரத்தில், படிகளில், வெயிலில். அங்கிருந்து கண்ணிமை தெரியாது. நிழல் தெரியும். அதனால்தான் செவெரஸ் காலத்துச் சிற்பங்களில் டிரில் போட்ட பள்ளங்கள் அவ்வளவு ஆழம். வெயில் பட்டால் முடி கறுப்பும் வெள்ளையுமாகப் பிரிந்து பத்து வரிசை தாண்டியும் தெரியும். கண்ணுக்கு எட்டாத மேல்விளிம்பு, அடுத்த கல் மறைக்கும் பக்கவாட்டு, சுவருக்குள் போகும் முதுகு இங்கெல்லாம் கூர்முனை உளியோடு வேலை நின்றுவிடும்.

பக்கத்தில் போய்ப் பார்த்து "வேலை சுத்தமில்லை" என்று சொல்வது எளிது. நாள் குறித்தாச்சு, காசு அளந்துதான் வருது, பலகைகள் ஏராளம். இருக்கும் கைகளை எங்கே போட்டால் பார்ப்பவருக்குப் பயன் என்று முடிவெடுத்திருக்காங்க. கூட்டம் நிறைந்த ஓ.பி.யில் நிற்கும் எவருக்கும் இந்தக் கணக்கு புரியும்.

12/
உடற்கூறு பக்கம் கொஞ்சம் போகலாம்.

கேலன் இதே பகுதிக்காரர். கி.பி. 129இல் பெர்கமோனில் பிறந்தவர். 157இல் அங்கே கிளாடியேட்டர் வீரர்களுக்கு மருத்துவரானார். அவர் அறுத்துப் பார்த்தது குரங்கையும் பன்றியையும். மனித உடலை அறுத்துப் படிக்கும் வழக்கம் அவர் காலத்தில் இல்லை.

ஆனா சிற்பிகளுக்குத் தோலுக்கு மேலே தெரியும் உடற்கூறு தலைகீழ்ப் பாடம். அப்பல்லோவோடு இசைப்போட்டியில் தோற்ற மார்சியாஸை மரத்தில் கட்டித் தொங்கவிட்டுத் தோலை உரிக்கும் தண்டனை ரோமானிய உலகில் திரும்பத் திரும்பச் செதுக்கப்பட்ட காட்சி. ஹியராபோலிஸ் அரங்கிலும் மார்சியாஸ் கதை உண்டு. தொங்கும் மார்சியாஸின் புகழ்பெற்ற சிலைகளைப் பாருங்க. கை இரண்டும் தலைக்கு மேல் இழுபட்டதால் விலாக்கூடு உயர்ந்து விரிந்திருக்கும், வயிறு உள்ளே ஒட்டியிருக்கும், விலாவின் பக்கத்தில் விரல்விரலாகப் பிரியும் தசை தனித்தனியாகத் தெரியும். எம்.பி.பி.எஸ். முதல் வருஷத்தில் நாங்க மனப்பாடம் செய்ததை அவங்க கண்ணால் படிச்சிருக்காங்க.

இன்னொன்று: கீழே கத்தி தீட்டும் ஆள், மேலே தொங்கும் உடல் என்று இந்தக் காட்சியின் அமைப்பு ஊருக்கு ஊர் ஏறக்குறைய ஒன்றுதான். அதாவது மாதிரிகள் கைமாறியிருக்கின்றன. ஒவ்வொரு சிற்பியும் புதிதாகக் கற்பனை செய்யவில்லை. தெரிந்த அமைப்பைத் தன் பலகையின் அளவுக்குப் பொருத்தினார்.

13/
எப்படிக் கற்றுக்கொண்டாங்க?

ஹியராபோலிஸுக்குத் தெற்கே அஃப்ரோடிசியாஸ். பக்கத்திலேயே பளிங்குக் குவாரி, அதனால் ஊரே சிற்பிகளின் ஊர். அங்கே 1960களில் ஒரு சிற்பக்கூடத்தைத் தோண்டி எடுத்தாங்க. பாதியில் நின்ற சிலைகளோடு, தொழில் பழகும் பையன்கள் பயிற்சிக்குச் செதுக்கிய பாதங்களும் கிடைத்தன. வெறும் பாதம். முகத்தில் கைவைக்கும் முன்னாடி கால்விரல்.

பையன் தரப்பிலிருந்து ஒரு வாக்குமூலமும் இருக்கு. 2ஆம் நூற்றாண்டு எழுத்தாளர் லூசியன். பள்ளிக்கூட எழுதுபலகையின் மெழுகைச் சுரண்டி மாடு, குதிரை, மனுஷன் என்று பொம்மை பிடிப்பான். வாத்தியாரிடம் அடி. வீட்டில் "கையில் கலை இருக்கு" என்று, சிற்பியான தாய்மாமனிடம் தொழிலுக்கு விட்டாங்க. மாமா உளியைக் கொடுத்து, அங்கே கிடந்த பலகையை மெதுவாகத் தட்டச் சொன்னார். பழக்கமில்லாத பையன் ஓங்கி அடித்தான். பலகை இரண்டாகப் போச்சு. மாமா பக்கத்தில் இருந்த குச்சியை எடுத்தார். பையன் அழுதுகொண்டே வீட்டுக்கு ஓடினான். தொழில் அன்றோடு முடிந்தது.

14/
அன்று இரவு கனவில் சிற்பத்தொழிலும் கல்வியும் இரண்டு பெண்களாக வந்து ஆளுக்கொரு பக்கம் இழுத்ததாக லூசியன் எழுதுகிறார். கல்வி சொல்லும் வாதம் என்னவென்றால், நீ ஃபிடியஸ் அளவுக்கே சிற்பியானாலும் ஊர் உன் வேலையைப் புகழும், ஆனால் உன்னைப் போல் ஆகணும் என்று புத்தியுள்ள எவனும் ஆசைப்பட மாட்டான். கையால் உழைத்துப் பிழைப்பவன் என்றுதான் உன்னைப் பார்ப்பார்கள். லூசியன் கல்வி பக்கம் போய்விட்டார்.

சிற்பத்தைக் கொண்டாடி, செய்தவனைத் தள்ளி நிறுத்தும் இந்த மனசு கூலியிலும் தெரியும். கி.பி. 301இல் டயோக்ளிஷன் வெளியிட்ட விலை ஆணையில் (அதன் பிரதி அஃப்ரோடிசியாஸிலும் கிடைத்தது) ஒருநாள் கூலியின் உச்சவரம்பு, சாப்பாடு தனி: விவசாயக் கூலி 25 தினாரியஸ். பளிங்கு வேலைக்காரர் 60. சுவருக்கு வண்ணம் அடிப்பவர் 75. உருவம் வரையும் ஓவியர் 150.

15/
பெயரும் இதே கதைதான்.

அஃப்ரோடிசியாஸ் அரங்கின் மேடையில் அதைக் கட்டிக்கொடுத்தவர் பெயர் பெரிதாக வெட்டப்பட்டிருக்கு: சோய்லோஸ். அடிமையாக இருந்து விடுதலை பெற்றுப் பெரும் பணக்காரர் ஆனவர். ஆஸ்பெண்டோஸ் அரங்கில் பணம் கொடுத்த குர்டியஸ் சகோதரர்கள் பெயர் இருக்கு. கட்டடக் கலைஞர் ஜீனோவின் பெயரும் இருக்கு. சிற்பிகளுக்கு எழுதத் தெரியாது என்றும் சொல்ல முடியாது. அஃப்ரோடிசியாஸின் அரிஸ்டியாஸ், பாப்பியாஸ் இருவரும் செதுக்கிய சென்டார் சிலைகளில் அவங்க கையெழுத்து இருக்கு. அவை ரோம் நகரில் கேபிடோலைன் மியூசியத்தில் இருக்கின்றன.

தனிச்சிலைக்குக் கையெழுத்து கிடைத்தது. ஆனால் பத்துப் பேர் சேர்ந்து செய்யும் சுவர் வேலைக்குப் பெயர் போடும் வழக்கம் அநேகமாக இல்லை. ஒருவர் பின்னணி குடைய, ஒருவர் உடம்பு எடுக்க, ஒருவர் வார் இழுக்க, கடைசியில் முகத்துக்கு அனுபவக் கை. யார் பெயரைப் போடுவது?

16/
என் தொழிலோடு சம்பந்தப்பட்ட கடைசி விஷயம்: தூசி.

பளிங்கு பெரும்பாலும் கால்சியம் கார்பனேட். நுரையீரலை இறுகச் செய்யும் சிலிக்கா அதில் குறைவு. கிரானைட்டும் மணற்கல்லும் உடைப்பவர்களுக்கு ஆபத்து பல மடங்கு அதிகம். தூசி கெடுதல் என்று ரோமானியர்களுக்குத் தெரியாமல் இல்லை. சிவப்புச் சாயத்துக்காக இரசக்கல்லை அரைத்த தொழிலாளர்கள் விலங்கின் சவ்வுப்பையை முகத்தில் கட்டிக்கொண்டதை பிளினி எழுதியிருக்கிறார்.

சிலிகோசிஸ் வந்துவிட்டால் இன்றும் அதைத் திருப்ப மருந்து இல்லை. வேலையை விட்ட பிறகும் நோய் வளரலாம், டி.பி. வரும் வாய்ப்பும் கூடும். தடுப்பு மட்டும்தான்: தண்ணீர் விட்டு அறுப்பது, தூசியை உறிஞ்சும் கருவி, சரியான மாஸ்க். உங்க வீட்டில், தெருவில் கல்லறுக்கும் வேலை செய்பவர் யாராவது இருந்தால், ரெண்டு வாரத்துக்கு மேல் இருமலோ மூச்சிரைப்போ இருந்தால், என்ன வேலை செய்கிறார் என்பதை டாக்டரிடம் கட்டாயம் சொல்லச் சொல்லுங்க. எக்ஸ்ரேயைப் படிக்கும்போது அந்த ஒரு தகவல் பெரிய உதவி.

17/
அடுத்த முறை எந்த ஊரிலாவது ஒரு புடைப்புச் சிற்பத்தின் முன்னால் நின்றால் முகத்தை மட்டும் பார்த்துட்டு நகராதீங்க. கீழ் ஓரத்தைப் பாருங்க. இரண்டு கல் சேரும் இடத்தைப் பாருங்க. உடைந்த கைக்குப் பக்கத்தில் தாங்கலின் அடிக்கட்டை இருக்கா என்று தேடுங்க. முடிக்குள் டிரில் துளைகளை எண்ணுங்க. எங்கே பல் உளி நின்றிருக்கோ, அங்கேதான் ஒருவர் "இது போதும்" என்று உளியைக் கீழே வைத்துவிட்டு அடுத்த பலகைக்குப் போனார்.

அவர் பெயர் நமக்குக் கிடைக்காது. அவர் எந்தக் கோணத்தில் கையை வைத்தார் என்பது கிடைக்கும்.

 சந்தேகம் இருந்தால் கேளுங்க, டியூட்டி முடிச்சுட்டு வந்து பதில் போடறேன்.